இடது பக்க மட்கார்டு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து என் அண்ணனை அழைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீட்டின் பாதியில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், நான். அண்ணன் ஒரு குவாரிக்காரரிடம் ஜல்லி லாரி ஓட்டினார். நான் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்தது, டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பியது எல்லாம் அண்ணன்தான். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூட வாசலில் நின்று ஒருமுறை அப்படிக் கூப்பிட்டதில், என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

அன்று குழந்தைகளுக்கு அண்ணி ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துக் கழுத்துச் சிலுவைமேல் மாட்டிக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், நிலை தலையில் இடிக்காதபடி குனிந்து படியிறங்கினார். எதற்கு என்று போலீஸ்காரரைக் கேட்டது நான்தான். விசாரணைக்கு என்று மட்டும் சொன்னார்.

ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பத்துப் பதினைந்து நாள் முன்னால், பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், டிரங்க் ரோட்டோரமாக ஒரு பெண் நடந்து போயிருக்கிறாள். குவாரியில் கல் உடைக்கிறவள். மழை, பொழுது சாய்ந்து இருட்டிக்கொண்டு வரும் நேரம். பின்னால் வந்த லாரி அவளை அடித்துத் தள்ளிவிட்டு, ஓரத்துப் புளியமரத்தில் உரசிக்கொண்டு நிற்காமல் போய்விட்டது. அவள் அங்கேயே இறந்துபோனாள். எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்தது ஒன்றே ஒன்று: பச்சை நிற மூக்கு லாரி. முன்னால் பானெட் நீட்டிக்கொண்டிருக்கும் லாரியை அப்படித்தான் சொல்வார்கள். திரிசூலத்திலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும் குவாரிகளில் ஓடிய லாரிகளில் பாதி மூக்கு லாரிதான். பச்சையும் நிறைய. ஆனால் அண்ணன் ஓட்டிய லாரியில் இடது பக்க மட்கார்டில் மட்டும் புது பெயிண்ட் இருந்தது. குவாரிச் சுவரில் இடித்துவிட்டது, நானே தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர்தான். நான் அழுததைப் பார்த்து ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். பிறகு ஏட்டு ஒரு சாக்கைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். புளியமரத்தடியில் கிடைத்த தகரத் துண்டு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீளம். பச்சைப் பெயிண்ட், அங்கங்கே துரு. இதைப் பார்த்தபிறகு நீங்களே சொல்லுங்க என்பதுபோல இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

நான் அதன் ஓரத்தைத்தான் பார்த்தேன். என் கண் வேறெங்கும் போகவில்லை. துணியின் ஓரத்தைப் பிரியாமல் முடிக்க இரண்டு வழி உண்டு. தட்டையாக மடித்துத் தைக்கலாம். விரலால் உருட்டியும் தைக்கலாம். வருஷா வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. மேஜையில் கிடந்த தகரத்தின் ஓரம், உள்ளே ஒரு கம்பியை வைத்து உருட்டப்பட்டிருந்தது.

நான் எழுந்து மழையில் ஓடினேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் அண்ணனின் லாரி நின்றுகொண்டிருந்தது. பல வருஷமாக எங்கள் தெருமுனையில் நின்ற லாரி, அதன் மட்கார்டை அன்றுதான் முதல்முறையாகத் தொட்டேன். வலது பக்க ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். தட்டை மடிப்பு. இடது பக்கமும் அதேபோலத் தட்டை. இன்ஸ்பெக்டர் குடையோடு வந்து நின்றார். அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பச்சை ஒன்றுதான், ஆனால் ஓரம் வேறு சார், அந்தத் துண்டு இந்த லாரியுடையதாக இருக்க முடியாது என்றேன். அவர் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"சரி டீச்சர். அப்ப அந்த லாரி எங்க?" என்றார்.

தேடிக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். துண்டின்மேல் ஒரு பழைய செய்தித்தாளை வைத்து, ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல விளிம்பை வரைந்து, பார்க்கிங் லைட் பொருத்துகிற ஓட்டையையும் குறித்துக்கொண்டேன். வெளியே வராந்தாவில் ஒருவர் சாக்கைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்துபோனவளின் புருஷன். தினமும் வந்து உட்காருகிறார், போகச் சொன்னாலும் போவதில்லை என்று ஏட்டு சொன்னார். நான் லாரிக்காரருக்கு உறவா என்று அவர் கேட்டார். தங்கை என்றேன். அண்ணன் லாரி இல்லை, எந்த லாரி என்று நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து அலைச்சல் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் பல்லாவரம் வண்டியைப் பிடிப்பேன். சனிக்கிழமை முழுதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், குவாரி குவாரியாக நடப்பேன். லோடுக்குக் காத்து நிற்கும் லாரிகளின் மட்கார்டுக்கு அடியில் ஒரு பொம்பளை கையை விட்டுத் தடவினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சிலர் சிரித்தார்கள். சிலர் விரட்டினார்கள். ஆனால் அண்ணனைத் தெரிந்த டிரைவர்கள் சிலர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த மூக்கு லாரி மூன்று முகத்தில் வந்திருந்தது. ஆக முதலில் வந்ததற்கு முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருக்கும். ஹெட்லைட் இரண்டும் நண்டுக் கண்போல மட்கார்டின்மேல் தனியாக எழும்பி நிற்கும். அதற்கு மட்கார்டில் பார்க்கிங் லைட்டே கிடையாது. அடுத்து வந்ததற்கும் இரட்டைக் கண்ணாடிதான், ஆனால் ஹெட்லைட் மட்கார்டுக்குள்ளேயே பதிந்துவிட்டது, மேலே சின்னதாக ஒரு பார்க்கிங் லைட் வந்தது. மூன்றாவதுதான் அண்ணன் ஓட்டியது. ஒரே கண்ணாடி, ரேடியேட்டரை மறைக்கப் படுக்கைவசத்தில் பட்டை வைத்த ஜாலி. முதல் இரண்டுக்கும் மட்கார்டு ஓரம் உருட்டல். மூன்றாவதற்குத் தட்டை மடிப்பு. என் காகிதத்தில் லைட் ஓட்டை இருந்தது. ஓரம் உருட்டல். ஆகவே நான் தேட வேண்டியது நடுவில் வந்த மாடல்.

இதைக் கேட்க சுலபமாக இருக்கிறது. குவாரிக்குப் போனால்தான் கஷ்டம் புரியும். அங்கே எந்த லாரியும் கம்பெனி அனுப்பிய உருவத்தில் இல்லை. பழைய பானெட்டுக்குப் புது ஜாலி, புது கேபினுக்குப் பழைய கதவு. ஒன்றுக்கு ஹெட்லைட் ஒரு பக்கம் பதிந்தும் மறுபக்கம் எழும்பியும் இருந்தது. முன்னால் பார்த்து மாடலைச் சொல்லாதே, கதவுக் கீலைப் பார், கால் வைக்கிற படியைப் பார் என்று டிரைவர்கள் சொன்னார்கள். நானும் பார்க்கப் பழகினேன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றால் டிரங்க் ரோட்டில் வருகிற லாரி எந்த மாடல், எது ஒட்டுப்போட்டது என்று சொல்லிவிடுவேன். ராத்திரி கண்ணை மூடினாலும் மட்கார்டுகளாகத்தான் வரும். எந்த லாரியும் ஒட்டுப்போட்டதாக இருக்கலாம் என்று கற்றுக்கொண்ட எனக்கு, அண்ணனின் லாரியும் அதில் ஒன்று என்று தோன்றவே இல்லை.

இதற்குள் ஒரு வக்கீல் அண்ணனை ஜாமீனில் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் வீட்டுக்கு வந்தார். மோட்டுவளையைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நான் எங்கெங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று தினமும் அவரிடம் சொல்வேன். அதை மட்டும் எழுந்து உட்கார்ந்து கேட்பார். நடு மாடலா, பச்சையா, எந்தக் குவாரி என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். அவருக்காகவே நான் அலைவதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதும் உண்டு.

கீழ்க்கட்டளையில் ஒரு குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் கடைசியில் அந்த லாரியைப் பார்த்தேன். பச்சை. இரட்டைக் கண்ணாடி, பதிந்த ஹெட்லைட். நடு மாடல். வலது பக்க மட்கார்டு உருட்டல் ஓரம்; என் காகிதத்தைத் திருப்பி வைத்தால் லைட் ஓட்டை சரியாக அமர்ந்தது. இடது பக்கத்தில் வேறு மட்கார்டு, புதிதாகப் போட்டது. டிரைவர் ஒல்லியான மனிதர், சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது மட்கார்டு என்ன ஆச்சு என்று கேட்டேன். துருவேறி உதிர்ந்துவிட்டது, முதலாளி எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டார் என்றார். எங்கே, எப்போது என்று கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க என்றார். நான் உட்காரவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனேன்.

அன்று மாலையே அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலில் நின்று அழுதாள். பிறகு பாயசம் வைத்தாள். அண்ணன் தொடவில்லை. அந்த டிரைவருக்குக் குழந்தைகள் உண்டா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

அந்த ஆள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாள் ஏட்டு சொன்னார். ஒரு கண் வீங்கி, சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரை நானே பார்த்தேன். மட்கார்டு மாற்றிய கடை கிடைத்தால் தேதி தெரிந்துவிடும், கேஸ் நிற்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். இந்த மாடல்களின் மட்கார்டு இப்போது கிடைப்பது காட்டாங்குளத்தூரில் லாரி உடைக்கிற ஒரு காயலான் கடையில்தான் என்று டிரைவர்கள் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை செங்கல்பட்டு வண்டியில் ஏறிப் போனேன்.

கடை டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பனந்தோப்பில் இருந்தது. பிரித்துப்போட்ட கேபின்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அங்கே தகரம் தட்டுகிற டிங்கர்தான் இருந்தார், ஐம்பது வயதிருக்கும், வடசென்னைக்காரர். காகிதத்தைக் காட்டினேன். ஐப்பசியில் ஒரு பச்சை மூக்கு லாரிக்கு இடது மட்கார்டு மாற்றினீர்களா, நடு மாடலா என்று கேட்டேன். அவர் காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மாத்தினேம்மா. ஆனா அது நடு மாடல் இல்ல. ஒத்தக் கண்ணாடி வண்டி. ரைட்டு சைடு அதோட ஒரிஜினலு. லெப்டு சைடு மட்டும் பழசு, உருட்டு ஓரம். எப்பவோ எவனோ இன்னொரு வண்டிலேர்ந்து கழட்டிப் போட்ருக்கான். கிழிஞ்சி கீது, புதுசு போடுன்னாரு. ரைட்டுக்குச் சோடியா தட்டை ஓரமாப் போட்டுக் குடுத்தேன்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காரச் சொன்னது நினைவிருக்கிறது. டிரைவர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். உயரமா இருந்தாரு, கழுத்துல சிலுவை போட்டிருந்தாரு, பல்லாவரத்துல ஆயிரம் ஷெட்டு கீது, இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்தேன்னு கேட்டேன், காசக் குடுத்துட்டு வண்டில ஏறிட்டாரு என்றார். அந்த வண்டி உங்களுக்கு இன்னா வேணும் என்று அவர் கேட்டபோது நான் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வரும் ரயிலில் நான் போட்ட கணக்குகளைச் சொன்னால் வெட்கக்கேடு. வேறு உயரமான டிரைவர் யாராவது இருக்கலாம். சிலுவை எத்தனையோ பேர் போடுகிறார்கள். டிங்கர் தேதியை மறந்திருக்கலாம். கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு காரணம் பிடித்தேன். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அது கையை விட்டுப் போனது. தாம்பரத்தில் இறங்கும்போது என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. இந்த ரயிலின் அடியில் விழுந்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நின்றேன். வீங்கிய கண்ணோடு அந்த மனிதர் சுவரோரம் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் பின்பக்கம் கிணற்றடியில் குழந்தைகளின் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். அண்ணிக்குக் காய்ச்சல். நான் காட்டாங்குளத்தூர் போய்வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். அது நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்து மறுபடி அலசினார்.

"மரத்துல உரசிச்சுன்னு மனசுக்குச் சொல்லிக்கினேன் பாப்பா. ஆனா மரத்துக்கு முன்னாடி இன்னொண்ணு பட்டுச்சு. அது தெரியும். நிறுத்தணும்னு பிரேக்ல கால வெச்சேன். அப்புறம் எடுத்துட்டேன்."

அப்புறம் ஏன் என்னை அலையவிட்டாய் என்று கேட்டேன். நான் அவரிடம் அதற்குமுன் ஒருமையில் பேசியதே இல்லை.

"நீ தினம் வந்து சொல்லச் சொல்ல, நெசமாவே வேற லாரி ஒண்ணு இருக்குதோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சி. நீ கண்டுபுடிச்சிடுவேன்னு காத்துக்கினு இருந்தேன்."

வாசற்படியில் அண்ணி போர்வையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டிருக்கும்படி அண்ணி என் காலைப் பிடித்தாள். கீழ்க்கட்டளை ஆளுக்கும் தண்டனை கிடைக்காது, சாட்சி இல்லை, விட்டுவிடுவார்கள் என்றாள். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. அண்ணன்தான் வேண்டாம் என்றார். விடிந்ததும் குளித்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். குழந்தைகள் எழுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டோம்.

ஸ்டேஷன் வராந்தாவில் அந்தப் புருஷன் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போக நினைத்தேன். அண்ணன் நின்றுவிட்டார். நான்தான் ஓட்டினேன் என்று அவரிடமே சொன்னார். அந்த மனிதர் கை ஓங்குவார், சட்டையைப் பிடிப்பார் என்று பயந்தேன். அவர் அண்ணனுக்கு வெகு அருகில் வந்து முகத்தைப் பார்த்தார்.

"அவ கத்தினாளா?" என்று கேட்டார்.

"மழை சத்தம். எனக்குக் கேக்கலண்ணா."

அவர் தலையை ஆட்டினார். திரும்பிப் போய்ச் சாக்கை எடுத்து உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரைக் கோர்ட்டில்கூட நான் பார்க்கவில்லை.

கீழ்க்கட்டளை டிரைவரை அன்று மதியம் விட்டார்கள். மன்னிப்புக் கேட்க அவர் வீடு தேடிப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "போங்க டீச்சர். நீங்க ஒண்ணும் பொய் சொல்லல." அதற்குமேல் நிற்க முடியவில்லை.

அண்ணனுக்குத் தண்டனை ஆனது. தானே வந்து ஒத்துக்கொண்டதால் குறைத்துக் கொடுத்ததாக வக்கீல் சொன்னார். லைசென்ஸ் போய்விட்டது. அண்ணி குழந்தைகளை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட்டு வீட்டின் அந்தப் பாதியில் நான் தனியாக இருந்தேன். மாதம் ஒருமுறை அண்ணனைப் பார்க்கப் போவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, பிள்ளைகள் எந்த வகுப்பு, அண்ணிக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டி வந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அண்ணியின் ஊருக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்டதைச் சொன்னேன். அவள் நிமிராமல், பெரியவள் மூணாம் வகுப்பு, சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல் என்றாள். கொஞ்சம் கழித்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

அண்ணன் வெளியே வந்தபிறகு ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தார். அண்ணியும் குழந்தைகளும் திரும்பி வந்தார்கள். மழைக்காலம் வந்தால் மட்டும் அவர் வேலை முடிந்து வர நேரமாகும். வண்டிகள் குறைந்து, டிரங்க் ரோடு அடங்கிய பிறகு, ஓரமாக நடந்து வருவார். அண்ணி சோற்றை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.